விடுதலையும் மன்னிப்பும்

கோர்ட்டு வாசலில் காத்து நிற்கிறவர்களின் பாஷையில் ஒரு சௌகரியம் உண்டு. உள்ளே போனவன் வெளியே வந்துவிட்டால், "விட்டுட்டாங்க" என்று ஒரே வார்த்தையில் விஷயத்தை முடித்துவிடுவார்கள். ஜாமீனில் விட்டார்களா, விசாரணை ஆரம்பிக்கும் முன்பே விட்டார்களா, சாட்சியம் போதாது என்று விட்டார்களா, தண்டனையை முழுதும் அனுபவித்த பிறகு விட்டார்களா, காந்தி ஜயந்தியை முன்னிட்டு மனமிரங்கி விட்டார்களா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அச்சுத் தமிழிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. தேசம் அடைந்ததும் விடுதலைதான். ஆடு திருடிய கேஸில் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து மாஜிஸ்டிரேட் தருவதும் விடுதலைதான்.

வாசற்படியில் நின்று மகனை எதிர்பார்க்கிற தாயாருக்கு இந்த வித்தியாசங்கள் அவசியமில்லை. பிள்ளை வந்து சேர்ந்தால் போதும். ஆனால் வந்து சேர்ந்தவனுக்கு அவசியம். நாளைக்கு இதே குற்றத்தைச் சொல்லி மறுபடியும் கூட்டிக்கொண்டு போவார்களா? பழைய உத்தியோகம் கிடைக்குமா? தெருவில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் என்ன பேசிக்கொள்வார்கள்? இதற்கெல்லாம் பதில், எந்தச் சொல்லைச் சொல்லி அவனை விட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது.

நான் சட்டம் படித்தவன் அல்ல, கதை எழுதுகிறவன். சொற்கள்தான் என் பிழைப்பு என்பதால், சட்டக்காரர்கள் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எத்தனை கறாராக வேலி போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு ஓர் ருசி உண்டு. அந்த வேலிகளையெல்லாம் ஒருசேரப் பார்க்க வேண்டுமானால் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டுவதைவிட ஒரு பழைய பிரெஞ்சு வழக்கைப் படிக்கலாம். காப்டன் டிரைபஸ் வழக்கு என்று உலகமே அறிந்த வழக்கு அது. தண்டனை, ரத்து, மன்னிப்பு, பொதுமன்னிப்பு, விடுதலை என்ற சொற்கள் எல்லாம் அந்த ஒரே நாடகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, மேடைக்கு வந்து போயின. எந்தச் சொல் யாருக்குக் கிடைத்தது என்பதுதான் விசேஷம்.

1894-ம் வருஷம் செப்டம்பர் மாதம், பாரிஸில் ஜெர்மன் தூதராலயத்துக் குப்பைக் கூடையிலிருந்து ஒரு கடிதம் பிரெஞ்சு ராணுவத்தின் ஒற்றர் இலாகாவுக்கு வந்து சேர்ந்தது. அங்கே பெருக்கித் துடைக்கிற வேலைக்காரி, கிழித்துப் போட்ட காகிதங்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். கையெழுத்தில்லாத அந்தக் கடிதம், பிரெஞ்சு ராணுவ ரகசியங்களில் இன்னின்னவற்றை அனுப்புகிறேன் என்று சொல்லும் ஒரு ஜாபிதா. எழுதியவன் ராணுவ உத்தியோகஸ்தன். அதுவும் பீரங்கிப் படை சம்பந்தமான விஷயம் தெரிந்தவன். யார்?

தலைமைக் காரியாலயத்தில் ஆல்பிரெட் டிரைபஸ் என்ற காப்டன் இருந்தார். முப்பத்தைந்து வயது. பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் பறிகொடுத்த அல்ஸாஸ் பிரதேசத்தில் பிறந்தவர். யூதர். அவருடைய எழுத்து கடிதத்தின் எழுத்தைப் போல இருப்பதாகச் சிலருக்குத் தோன்றியது. மற்ற அதிகாரிகளின் எழுத்தை அத்தனை சிரத்தையாக ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அக்டோபர் 15-ம் தேதி கைது. டிசம்பரில் ராணுவ கோர்ட்டில் மூடிய கதவுக்குள் விசாரணை. ஏழு நீதிபதிகள். சாட்சியம் தடுமாறுவதைக் கண்ட அதிகாரிகள், எதிரிக்கும் தெரியாமல், அவருடைய வக்கீலுக்கும் தெரியாமல், ரகசியக் காகிதக் கட்டு ஒன்றை நீதிபதிகளிடம் கொடுத்துவிட்டார்கள். ஏழு பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் முழுதும் தீவாந்தர வாசம்.

1895-ம் வருஷம் ஜனவரி 5-ம் தேதி, ராணுவப் பள்ளியின் பெரிய முற்றத்தில், படைகளுக்கு முன்னால் நிறுத்தி அவருடைய பட்டயங்களைப் பிய்த்தெறிந்தார்கள். வாளை உருவி முழங்காலில் வைத்து ஒடித்தார்கள். வெளியே ஜனங்கள் கூச்சலிட்டார்கள். "நான் நிரபராதி" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அந்தக் கூச்சலில் அமுங்கிப் போயிற்று. பிறகு தென் அமெரிக்காவின் கரையோரம் இருக்கும் பிசாசுத் தீவு. பெயருக்கேற்ற தீவுதான். ஒரு சிறு கல் குடிசை. காவலாளிகள் அவருடன் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று உத்தரவு. தப்பி ஓடிவிட்டார் என்று ஒரு பொய்ச் செய்தி பத்திரிகையில் வந்ததற்காக, 1896-ல் பல வாரங்கள் இரவில் கால்களைக் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டார்கள். அவருடைய இரண்டு குழந்தைகளிடம், அப்பா தூர தேசத்துக்குப் பிரயாணம் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள் மனைவி லூஸி.

அதே 1896-ல், ஒற்றர் இலாகாவுக்குப் புதிதாகத் தலைவராக வந்த பிக்கார் என்ற அதிகாரியின் கைக்கு இன்னொரு கிழிந்த காகிதம் வந்தது. அது எஸ்டர்ஹாஸி என்ற மேஜரைக் காட்டிக் கொடுத்தது. ஆள் கடனாளி, சூதாடி. பிக்கார் அவனுடைய எழுத்தை வரவழைத்துப் பார்த்தார். டிரைபஸைத் தீவுக்கு அனுப்பிய அந்த ஜாபிதாவின் எழுத்து அப்படியே இருந்தது. பிக்காருக்கு யூதர்கள்மேல் விசேஷமான அன்பு ஒன்றும் கிடையாது. ஆனால் கண் இருந்தது. கண்டதை மேலதிகாரிகளிடம் சொன்னார். அவரை டூனிஸியாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இனிமேல்தான் நம்முடைய சொற்கள் வருகின்றன.

1897 நவம்பரில் டிரைபஸின் அண்ணன் மத்தியூ, எஸ்டர்ஹாஸிதான் துரோகி என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். பிரதம மந்திரி மெலீன் சட்டசபையில் எழுந்து, டிரைபஸ் விவகாரம் என்று ஒன்று இல்லவே இல்லை என்றார். அவர் சொன்னதற்கு அர்த்தம், கோர்ட்டு ஒருமுறை தீர்த்த விஷயம் தீர்ந்த விஷயம் என்பது. சட்டத்தில் அது ஒரு நல்ல கொள்கைதான். தீர்ந்த வழக்கை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கிளறலாம் என்றால் மனிதன் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் அந்தக் கொள்கை தப்பான தீர்ப்புக்கும் சேர்த்து அரண் கட்டிவிடுகிறது.

எஸ்டர்ஹாஸி மீது ராணுவம் விசாரணை நடத்தியது. ராவரி என்ற அதிகாரி காகிதங்களைப் பரிசீலித்து, வழக்கு நடத்த முகாந்திரம் இல்லை என்று அறிக்கை எழுதினார். இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் சட்டச் சொல்லுக்கு நேர் அர்த்தம் 'இடமில்லை' என்பது. நம் கோர்ட்டுகளில் 'டிஸ்சார்ஜ்' என்று சொல்லி, குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே ஒருவனை விடுவிக்கிறார்களே, ஏறக்குறைய அதுதான். சாதாரண மனிதன் இந்த இடத்தில் ஆண்டவனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போவான். எஸ்டர்ஹாஸி போகவில்லை. என்மேல் வழக்கு நடத்தியே தீர வேண்டும் என்று கேட்டவன் அவன். பாரிஸின் ராணுவ கவர்னரான தளபதி ஸோஸியேயும் ராவரியின் சிபாரிசை ஒதுக்கிவிட்டு, வழக்கை ராணுவ கோர்ட்டுக்கு அனுப்பினார்.

குற்றவாளி ஏன் வலியப் போய்க் கூண்டில் ஏற வேண்டும்? காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. 'இடமில்லை' என்று விடப்பட்டவனுடைய கதவு வெறுமே சாத்தியிருக்கிறது, தாழ்ப்பாள் கிடையாது. புதிதாக ஒரு சாட்சியம் கிடைத்தால் சர்க்கார் மறுபடியும் அந்தக் கதவைத் திறக்கலாம். விசாரணை நடந்து, நீதிபதிகள் உட்கார்ந்து, குற்றவாளி அல்ல என்று சொல்லிவிட்டால் அது விடுதலை. அப்புறம் அதே குற்றத்துக்காக அவனைக் கூண்டில் ஏற்ற முடியாது. எஸ்டர்ஹாஸிக்கு வேண்டியிருந்தது வெறும் கதவல்ல, பூட்டு.

அது கிடைத்தது. 1898 ஜனவரி 10, 11 தேதிகளில், பெரும்பாலும் மூடிய கதவுக்குள், விசாரணை நடந்தது. கையெழுத்து நிபுணர்கள் மூன்று பேர், ஜாபிதாவின் எழுத்து எஸ்டர்ஹாஸியுடையது அல்ல என்று ஏற்கெனவே அபிப்பிராயம் கொடுத்திருந்தார்கள். நீதிபதிகள் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நிமிஷம். ஒருமனதாக விடுதலை. வெளியே ஜனங்கள் ஜயகோஷம் செய்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, 13-ம் தேதி, 'லோரோர்' பத்திரிகையின் முதல் பக்கத்தில் எமிலி ஜோலா ஜனாதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் வெளிவந்தது. 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்று அதற்குத் தலைப்பு. நாவலாசிரியர்கள் வழக்கமாகச் செய்யாத காரியம். பேரும் பணமும் சேர்த்து, வயசு ஐம்பத்தேழு ஆகி, நாற்காலியில் சாய்ந்து கொள்ள வேண்டிய காலத்தில் அந்த மனிதர் ஒரு ராணுவத்தையே வம்புக்கு இழுத்தார். தளபதிகளை, நிபுணர்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். முதல் கோர்ட்டு ரகசியக் காகிதத்தை வைத்துச் சட்ட விரோதமாகத் தண்டித்தது என்றும், இரண்டாவது கோர்ட்டு குற்றவாளி என்று தெரிந்தே ஒருவனை மேலிடத்து உத்தரவுப்படி விடுதலை செய்தது என்றும் எழுதினார்.

சர்க்கார் அவர்மேல் அவதூறு வழக்குப் போட்டது. ஆனால் அந்த நீளமான கடிதத்தில் கடைசியாகச் சொன்ன ஒரு விஷயத்தை, எஸ்டர்ஹாஸியின் விடுதலை உத்தரவின்படி நடந்தது என்ற பகுதியை, மட்டும் எடுத்துக்கொண்டு வழக்குப் போட்டது. முழுக் கடிதத்தையும் எடுத்தால் டிரைபஸின் பெயரை கோர்ட்டில் உச்சரிக்க வேண்டியிருக்குமே! ஜோலாவின் வக்கீல் லபோரி, டிரைபஸ் சம்பந்தமாக எதைக் கேட்க வாயெடுத்தாலும், "அந்தக் கேள்வி கேட்கப்படாது" என்று நீதிபதி தடுத்துவிட்டார். ஒரு விடுதலை நியாயமானதா என்பதை, விடுதலையானவன் செய்த குற்றத்தைப் பற்றிப் பேசாமலே விசாரித்த அதிசயம் அங்கே நடந்தது. ஜோலாவுக்கு ஒரு வருஷச் சிறையும் 3000 பிராங்க் அபராதமும் விதித்தார்கள். அப்பீல், மறு விசாரணை என்று இழுபட்டு, கடைசியில் அவர் இங்கிலாந்துக்குப் போய்ச் சில மாதம் மறைந்து வாழ்ந்தார்.

அந்த வருஷம் ஆகஸ்டில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. டிரைபஸுக்கு எதிராக யுத்த மந்திரி சட்டசபையிலேயே வாசித்துக் காட்டிய ஒரு கடிதம் அசல் அல்ல, இரண்டு காகிதங்களை ஒட்டிச் செய்த போலி என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்த ஓர் அதிகாரி கண்டுபிடித்தார். செய்தவர் ஒற்றர் இலாகாவின் ஆன்ரி. ஒப்புக்கொண்டார், அடுத்த நாள் சிறையில் கழுத்தை அறுத்துக்கொண்டு இறந்து கிடந்தார். எஸ்டர்ஹாஸி மீசையை எடுத்துவிட்டு இங்கிலாந்துக்கு ஓடினான். அங்கே இருந்துகொண்டு, அந்த ஜாபிதாவை எழுதியது நான்தான், மேலதிகாரி சொல்லி எழுதினேன் என்று பத்திரிகைக்கே சொன்னான். தாராளமாகச் சொல்லலாம். ஜாபிதா சம்பந்தமாக அவனைத் தொட முடியாது. மூன்று நிமிஷத்தில் போட்ட பூட்டு அவ்வளவு கெட்டி. 1923-ல், பொய்ப் பெயரில், இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் அவன் சாவகாசமாகச் செத்துப் போனான்.

இப்போது டிரைபஸுக்கு வருவோம். 1899 ஜூன் 3-ம் தேதி பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. ரத்து என்றால் விடுதலை அல்ல. எழுதின பலகையை அழித்த மாதிரி. அதில் மறுபடியும் யாராவது எழுத வேண்டும். வேறொரு ராணுவ கோர்ட்டுக்கு, ரென் என்ற ஊருக்கு, வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். டிரைபஸ் தரப்பு வக்கீல் மோர்னார் கேட்டதும் அதைத்தான். சிவில் நீதிபதிகள் தயவில் தப்பித்தான் என்று நாளைக்கு ஒருவனும் சொல்லக் கூடாது. என்னைத் தண்டித்த சீருடைக்காரர்களின் வாயிலிருந்தே 'குற்றவாளி அல்ல' என்று வர வேண்டும் என்பது அந்த ராணுவ மனிதரின் ஆசை.

பிசாசுத் தீவிலிருந்து வந்தவர் முப்பத்தொன்பது வயதுக் கிழவராக வந்தார். நரைத்த தலை, நாலு வருஷம் யாருடனும் பேசாததால் வார்த்தை தடுமாறியது. ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதமும் ரென்னில் விசாரணை. நடுவில் ஒரு நாள் காலை வக்கீல் லபோரியை யாரோ முதுகில் சுட்டுவிட்டு ஓடினார்கள். செப்டம்பர் 9-ம் தேதி தீர்ப்பு. ஏழு நீதிபதிகளில் இருவர் நிரபராதி என்றார்கள். ஐந்து பேர் குற்றவாளி என்றார்கள். ஆனால் தண்டனையைக் குறைக்கத்தக்க சந்தர்ப்பங்கள் உண்டு என்றும் சேர்த்துச் சொல்லி, பத்து வருஷம் விதித்தார்கள். பசிக்குத் திருடினவனுக்குக் குறைக்கத்தக்க சந்தர்ப்பம் இருக்கலாம். தேசத்தை விற்ற ராணுவ அதிகாரிக்கு என்ன சந்தர்ப்பம் இருக்க முடியும்? நீதிபதிகளின் மனச்சாட்சிக்குத்தான் அந்தச் சலுகை தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

உலகம் சிரித்தது. அடுத்த வருஷம் பாரிஸில் சர்வதேசப் பொருட்காட்சி நடக்க இருந்தது. சர்க்கார் அவசர அவசரமாக ஒரு வழி கண்டுபிடித்தது. அதுதான் மன்னிப்பு.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். தப்புச் செய்தவனைத்தான் மன்னிக்க முடியும். ஜனாதிபதி மன்னிக்கிறார் என்றால், தீர்ப்பு அப்படியே நிற்கிறது, தண்டனை மட்டும் விலகுகிறது என்று அர்த்தம். அதோடு, அப்பீல் நிலுவையில் இருக்கிற தீர்ப்புக்கு மன்னிப்புக் கிடையாது. ஆகவே டிரைபஸ் போட்டிருந்த அப்பீலை வாபஸ் வாங்கினால்தான் மன்னிப்பு. நண்பர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். கிளமான்ஸோவும் லபோரியும், வாங்கக் கூடாது, கடைசி வரை போராட வேண்டும் என்றார்கள். அண்ணன் மத்தியூ தம்பியின் உடம்பைப் பார்த்தார். இன்னும் ஆறு மாதம் சிறையில் இருந்தால் நிரபராதி என்ற பட்டத்தைப் பிணத்துக்குத்தான் சூட்ட வேண்டும் என்று தோன்றியது அவருக்கு. அவர்களுடைய வாதமும் நியாயம். இவருடைய பயமும் நியாயம்.

டிரைபஸ் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். செப்டம்பர் 19-ம் தேதி ஜனாதிபதி லூபே கையெழுத்திட்டார். வெளியே வந்த டிரைபஸ் ஓர் அறிக்கை விட்டார். குடியரசு எனக்குச் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. மானம் இல்லாமல் அது எனக்கு ஒன்றுமே இல்லை என்பது அதன் சாரம். பிறகு தெற்கே கார்ப்பாந்திரா என்ற ஊரில் சகோதரி வீட்டுக்குப் போனார். குழந்தைகள் வந்தார்கள். தூர தேசத்துப் பிரயாணம் போயிருந்த அப்பா திரும்பி வந்துவிட்டார். எட்டு வயதுப் பையனுக்கும் ஆறு வயதுப் பெண்ணுக்கும் வேறு சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய அப்பா மட்டும் சட்டத்தின் கணக்கில் மன்னிக்கப்பட்ட துரோகியாக அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

யுத்த மந்திரி காலிஃபே, சம்பவம் முடிந்தது என்று படைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். முடித்தே தீருவது என்று 1900 டிசம்பரில் சட்டசபை பொதுமன்னிப்புச் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியது. மன்னிப்பு ஜனாதிபதி ஒரு மனிதனுக்குக் கொடுப்பது. பொதுமன்னிப்பு சட்டசபை ஒரு விவகாரத்துக்கே கொடுப்பது. அதற்கான ஐரோப்பியச் சொல்லின் கிரேக்க வேருக்கு 'மறதி' என்று அர்த்தம். போலிக் கடிதம் செய்தவர்களுக்கு உடந்தையாயிருந்தவர்களும், அதை வெளிப்படுத்தியதற்காகச் சிறையிலிருந்த பிக்காரும், எழுதியதற்காகத் தண்டனை பெற்ற ஜோலாவும் ஒரே கூடையில் போடப்பட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மறதி. ஜோலா கோபித்துக்கொண்டார். தனக்கு வேண்டாத மறதியோடு 1902-ல், படுக்கையறைக் கணப்பின் விஷப் புகையில் மூச்சுத் திணறி இறந்து போனார். மறுபரிசீலனை கேட்கும் டிரைபஸின் உரிமையை மட்டும் அந்தச் சட்டம் விட்டு வைத்தது.

அந்த ஒரு துவாரத்தின் வழியாக மறுபடியும் உள்ளே போனார்கள். 1903-ல் ஜோரே சட்டசபையில் விஷயத்தைக் கிளப்பினார். உச்ச நீதிமன்றம் புது விசாரணை நடத்தியது. 1906 ஜூலை 12-ம் தேதி தீர்ப்பு. ரென் கோர்ட்டின் தண்டனை ரத்து. இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை. ரத்து செய்த பிறகு குற்றம் என்று சொல்லத்தக்கது எதுவுமே மிஞ்சாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று குற்றவியல் சட்டத்தின் 445-ம் பிரிவில் ஒரு வாசகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைபஸுக்கு எதிரானவர்கள் இந்த 445-ஐ ஒரு மந்திரம் மாதிரி வருஷக் கணக்காக ஜபித்தார்கள். உச்ச நீதிமன்றம் சட்டத்தை வளைத்துவிட்டது. ராணுவ கோர்ட்டுத்தான் அவனை விடுதலை செய்ய வேண்டும். ஆகவே அவன் இன்னும் விடுதலை ஆகவில்லை என்பது அவர்கள் வாதம்.

துவேஷத்தில் பிறந்த வாதம். ஆனாலும் அதில் ஒரு சின்ன உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த ராணுவ கோர்ட்டும், எந்த நாளும், டிரைபஸை விடுதலை செய்யவில்லை. 1899-ல் எந்தச் சொல்லுக்காக அவர் ரென்னுக்குப் போனாரோ, அந்தச் சொல் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

யாருக்குக் கிடைத்தது? எஸ்டர்ஹாஸிக்குக் கிடைத்தது என்று பார்த்தோம். இன்னொருவருக்கும் கிடைத்தது. 1908 ஜூன் 4-ம் தேதி ஜோலாவின் எலும்புகளைத் தேசப் பெரியோர்களின் நினைவாலயமான பாந்தியோனுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். டிரைபஸ் வந்திருந்தார். கிரெகோரி என்ற பத்திரிகைக்காரர், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அவரைத் துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டார். கையில் காயம். மறைத்துச் செய்த காரியம் அல்ல. மந்திரிகள் பார்க்கச் செய்தது. கோர்ட்டில் கிரெகோரி, நான் சுட்டது டிரைபஸ் என்ற மனிதரை அல்ல, டிரைபஸ் என்ற கொள்கையை என்றார். செப்டம்பரில் ஜூரிகள் அவரை விடுதலை செய்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்து வழக்கில் துரோகம் செய்தவனுக்கு விடுதலை, சுட்டவனுக்கு விடுதலை, நிரபராதிக்கு மட்டும் இல்லை.

அப்படியானால் விடுதலை என்ற சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? அதன் ஆங்கிலச் சொல்லின் வேர், கடனைத் தீர்த்துக் கணக்கை முடித்துக்கொள்வது என்ற அர்த்தத்திலிருந்து வந்தது. நம் 'தீர்ப்பு' என்ற சொல்லுக்குள்ளும் 'தீர்' என்ற அதே கணக்குத்தான் இருக்கிறது. சர்க்காருக்கும் இவனுக்கும் இந்த விஷயத்தில் இனிப் பாக்கி இல்லை. அவ்வளவே. இவன் நல்லவன் என்று கோர்ட்டு சொல்லவில்லை. இவன் செய்யவில்லை என்றும் சொல்வதில்லை. செய்தான் என்று எங்களுக்கு ருசுவாகவில்லை என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறது. ஜூரிகள் ஏன் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

இது சட்டத்தின் குறை அல்ல, அடக்கம். சர்க்காருடைய பலத்துக்கு முன்னால் தனி மனிதனை நிறுத்தி, நீ குற்றமற்றவன் என்று நிரூபி என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? நிரூபிக்கிற பாரம் சர்க்கார் தலையில் இருக்கட்டும், அது தூக்க முடியாவிட்டால் இவனை விட்டுவிடு என்பதுதான் நாகரிக உலகம் கண்டுபிடித்த நியாயம். எஸ்டர்ஹாஸிகள் சிலர் தப்பிப் போவது அதற்கு நாம் கொடுக்கிற விலை. ஆனால் அந்த விலையை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். விடுதலையானவன் எல்லாம் உத்தமன் என்று நினைப்பதும் தப்பு. விடுதலையானவனை, ஏதோ இருந்ததனால்தானே பிடித்தார்கள் என்று பேசுவதும் தப்பு.

நம் தேசத்தில் விடுதலைக்கு எதிராகச் சர்க்கார் அப்பீல் செய்யலாம் என்றாலும், ஒரே குற்றத்துக்கு ஒருவனை இரண்டு முறை வழக்கிட்டுத் தண்டிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். இருந்தும், வழக்கிலிருந்து வெளியே வருகிறவனுக்கு அது போதவில்லை. 'கௌரவமான விடுதலை' வேண்டும் என்கிறான். உத்தியோகத்தைத் திருப்பிக் கேட்கிற இடத்தில் இந்தச் சொல் அடிக்கடி வரும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, அதற்குத் துல்லியமாக இலக்கணம் சொல்வதும் கடினம் என்று 2012-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தில் இல்லாத சொல்லை மனிதன் ஏன் கேட்கிறான்? கோர்ட்டு விட்டதற்கும் ஊர் விடுவதற்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தாண்ட அவனுக்கு அது தேவைப்படுகிறது.

இந்தக் கண்ணால் பார்த்தால், 1906-ல் டிரைபஸுக்குக் கிடைத்தது விடுதலையைவிடப் பெரிய விஷயம். விடுதலை வாயை மூடிக்கொள்கிறது என்றேன். பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் வாயைத் திறந்து பேசியது. ஜாபிதாவிலிருந்து போலிக் கடிதம் வரை ஒவ்வொன்றாக எடுத்து அலசி, டிரைபஸுக்கு எதிராக மிஞ்சுவது ஒன்றுமே இல்லை, அவரைத் தண்டித்தது பிழை, தவறு என்று காரணத்தோடு எழுதியது. அந்தத் தீர்ப்பைப் பாரிஸிலும், அவரைத் தண்டித்த அதே ரென் நகரத்திலும், சுவரில் ஒட்ட வேண்டும் என்றும், அவர் தேர்ந்தெடுக்கும் பத்திரிகைகளில் பிரசுரிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நஷ்ட ஈடு கேட்க அவருக்கு உரிமை இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதே மாதம் அவரை மறுபடியும் ராணுவத்தில் சேர்த்து மேஜர் ஆக்கினார்கள். ராணுவப் பள்ளியில் வைத்து லெஜியன் ஆப் ஆனர் பதக்கத்தை மார்பில் குத்தினார்கள். வாளை ஒடித்த அந்தப் பெரிய முற்றத்தில் அல்ல; அதே கட்டடத்தின் வேறொரு சிறிய முற்றத்தில். ஆனால் தீவில் கழிந்த வருஷங்களையும், மன்னிக்கப்பட்டவராக உட்கார்ந்திருந்த வருஷங்களையும் உத்தியோகக் கணக்கில் சேர்க்கவில்லை. அவரோடு படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள். கேட்டுப் பார்த்தார். அப்போது யுத்த மந்திரியாக இருந்தவர் வேறு யாரும் அல்ல. இவருக்காகச் சிறைக்குப் போன பிக்கார்தான். காரியம் நடக்கவில்லை. 1907-ல் டிரைபஸ் ராஜிநாமாச் செய்தார். 1914-ல் யுத்தம் வந்ததும், தன்னை அப்படி நடத்திய அதே ராணுவத்தில், ஐம்பத்தைந்தாவது வயதில் போய்ச் சேர்ந்து கடைசிவரை வேலை பார்த்தார்.

1935-ம் வருஷம் ஜூலை 12-ம் தேதி அவர் இறந்தார். தீர்ப்புச் சொன்ன அதே தேதி. இருபத்தொன்பது வருஷம் கழித்து. உத்தியோகக் கணக்கு மட்டும் பாக்கி நின்றது. இன்னொரு தொண்ணூறு வருஷம் ஆன பிறகு, 2025 நவம்பரில், பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதையும் தீர்த்தது. பிரெஞ்சு தேசம் ஆல்பிரெட் டிரைபஸை அவருடைய மறைவுக்குப் பின் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்துகிறது என்று ஒரே வாக்கியத்தில் ஒரு சட்டம். அதில் மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை. விடுதலை என்ற சொல்லும் இல்லை.